பூட்டிய வீட்டில் ஓட்டு இருக்கிறதா?

காரைக்குடியில் வழக்கறிஞராக இருக்கிறேன். என்னிடம் வருவது பெரும்பாலும் பாகப்பிரிவினை வழக்குகள். பத்திரக் கட்டை மடித்துக்கொண்டு எழும்போது பலர் ஓட்டு விஷயமாகவும் ஒரு வார்த்தை கேட்பார்கள். செட்டிநாட்டில் அந்தக் கேள்வியும் வீட்டில்தான் போய் முட்டும்.

பல வருஷமாகச் சென்னையில் குடியிருக்கும் ஓர் அண்ணன் கேட்டார்: "பூர்வீக வீட்டில எனக்கும் பங்கு இருக்கு. வரி கட்டுறேன், முன்னோர் படைப்புக்குத் தவறாம வர்றேன். ஓட்டர் லிஸ்ட்ல இருந்து என் பேரை எதுக்கு எடுக்கணும்?" அவர் ஆதங்கம் புரிகிறது. ஆனால் 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 20, இதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறது. வீடு சொந்தமாகவோ கைவசமோ இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் யாரும் அந்தத் தொகுதியில் வழக்கமாகக் குடியிருப்பவர் ஆகிவிட முடியாது. இரண்டு தொகுதிகளில் பெயர் வைத்திருப்பதும் கூடாது. பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. படிவம் 8 கொடுத்து ஓட்டைச் சென்னைக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னேன்.

இதே சட்டத்தால் பலன் பெற வேண்டியவர்கள் வேறு சிலர் இருக்கிறார்கள். அவர்கள்தான் என்னிடம் வருவதே இல்லை. பெரிய வீடுகளின் பின்கட்டில் காவலுக்குத் தங்கியிருக்கும் குடும்பங்களைச் சொல்கிறேன். ஒரு வாட்ச்மேனின் மனைவி, "எங்களுக்கு ஏதும்மா இங்க ஓட்டு? வீடு செட்டியார் வீடுல்ல" என்றார். அந்த வீட்டிலேயே குடியிருந்து, பிள்ளைகளை உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருப்பவர் சொன்ன வார்த்தை இது. 18 வயது நிறைந்த இந்தியக் குடிமகள், அங்கே குடியிருக்கிறார். பட்டியலில் சேர அது போதும், படிவம் 6 கொடுக்கலாம். ஆதார், வங்கிப் புத்தகம், கேஸ் பில் இவற்றில் ஒன்றில் இந்த முகவரி இருந்தால் நல்லது. எதுவுமே இல்லாவிட்டாலும் பி.எல்.ஓ. எனப்படும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் நேரில் வந்து விசாரித்துச் சேர்க்க வழி இருக்கிறது. வீட்டுக்காரரின் சம்மதக் கடிதத்தைப் படிவம் கேட்பதில்லை.

வீட்டுக்காரர்களின் பயமும் எனக்குத் தெரியும். "பேர் ஏறிட்டா நாளைக்கு வீட்டில உரிமை கேப்பாங்களே" என்பார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பதால் சொத்தில் யாருக்கும் பாத்தியதை வந்துவிடாது. சொத்து வழக்கு நடத்துபவள் என்ற முறையில் உறுதியாகவே சொல்கிறேன். தயவுசெய்து தடுக்காதீர்கள்.

சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று வேலைக்குப் போனவர்கள், அந்நாட்டுக் குடியுரிமை வாங்காதவரை, படிவம் 6ஏ மூலம் பாஸ்போர்ட்டில் உள்ள ஊரிலேயே பதியலாம். ஓட்டுப்போட மட்டும் அசல் பாஸ்போர்ட்டுடன் நேரில் வர வேண்டும்.

2025 இறுதியில் நடந்த வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தில், தமிழகத்தின் வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லாமல் போயின. இறந்தவர்களும் இடம் மாறியவர்களும் இரட்டைப் பதிவுகளும் அதில் அடக்கம். ஆனாலும் எங்கள் தெருக்களில் பாதிக் கதவுகள் பூட்டியே கிடக்கின்றன. முன்வாசல் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும் அலுவலருக்குப் பின்கட்டில் குடும்பம் இருப்பது எப்படித் தெரியும்? ஆகவே உங்கள் பெயரை நீங்களே பட்டியலில் தேடிப் பாருங்கள், 1950 என்ற போன் எண்ணிலும் கேட்கலாம். வாக்காளர் பதிவு அலுவலரின் முடிவு தவறு என்று தோன்றினால் 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். ஒவ்வோர் ஓட்டும் முக்கியம்; 2009இல் சிவகங்கை மக்களவைத் தொகுதியின் வெற்றி வித்தியாசமே 3,354 ஓட்டுகள்தான்.

ஆத்தங்குடிக் கல் பட்டறையிலோ தறியிலோ தினக்கூலிக்கு இருப்பவர்களுக்கும் வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்கிறது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு. கேட்டு வாங்குங்கள். சாவடிக்கு ரேஷன் கார்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். ஏற்கப்படும் அடையாள ஆவணங்களில் அது இல்லை.

அப்புறம், பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிகள். படியிறங்க முடியாமல் ஓட்டையே மறந்துவிட்ட பலரை எனக்குத் தெரியும். 85 வயது கடந்தவர்களும் 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்களும் படிவம் 12டி கொடுத்தால், அலுவலர்களே வீட்டுக்கு வந்து ரகசியமாக ஓட்டு வாங்கிப் போவார்கள். தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாட்களுக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும். ஆச்சியால் இதற்கு அலைய முடியாது. சென்னையில் இருக்கும் பிள்ளைகள், ஊர் பி.எல்.ஓ.வின் எண்ணை வாக்காளர் சேவை இணையதளத்தில் எடுத்து, இப்போதே ஒரு போன் செய்து வையுங்கள்.