கோட்டம் எடுக்கும் ஸ்டாண்ட்: காசு எதில் போக வேண்டும்?

பஞ்சர் ஒட்டவும் பிரேக் ஒயர் மாற்றவும் கியர் செட் பண்ணவும் வீட்டிலேயே கற்றுக்கொண்டவர்கள் அடுத்து வந்து நிற்பது சைக்கிள் சக்கரக் கோட்டத்தில்தான், அதாவது சக்கரம் சுற்றும்போது ரிம் நேராக ஓடாமல் ஆடுவதில். சக்கரத்தை மாட்டிச் சுற்றவிட்டு, ரிம்மை ஒட்டி நிற்கும் ஒரு முனையை வைத்து அந்த ஆட்டத்தைப் பார்க்கத்தான் ஸ்டாண்ட். "ஸ்டாண்ட் எது வாங்கலாம்ணே?" என்று கடைக்கு வந்து கேட்பார்கள். போனில் நாலைந்து படம் தயாராக இருக்கும். டயல் கேஜ் (ஆட்டத்தை முள்ளால் அளந்து காட்டும் கருவி) வைத்தது ஒன்று அதில் கட்டாயம் இருக்கும்.

நான் திருப்பிக் கேட்பது, வீட்டில் என்னென்ன சைக்கிள் ஓடுகிறது என்பதை. "29 அங்குலம் வரை" என்று ஸ்டாண்டின் அட்டையில் போட்டிருப்பார்கள். அப்பா காலத்துப் பெரிய சைக்கிள் 28 அங்குலம்தானே, அடங்கிவிடும் என்று நினைப்போம். ஆனால் அந்த 28 x 1½ ரிம்மில் டயர் உட்காரும் இடத்து விட்டம் 635 மி.மீ. 29 என்று விற்கும் எம்.டி.பி. (மலைச் சைக்கிள்) ரிம்மில் அது 622 தான். டயரைக் கழற்றிய பிறகு ஸ்டாண்டின் முனை ரிம் வரை எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பிள்ளைகளின் 12 அங்குலச் சக்கரம் பல ஸ்டாண்டுகளில் எட்டவே எட்டாது.

அப்புறம் அச்சு. பழைய எம்.டி.பி.யில் முன் ஹப் (அச்சு நுழையும் நடு உருளை) அகலம் 100 மி.மீ., பின் ஹப் 135. இதற்கு ஏறக்குறைய எல்லா ஸ்டாண்டும் ஒத்துவரும். புதிய டிஸ்க் பிரேக் வண்டிகளில் ஹப்புக்குள் நுழைத்துப் பூட்டும் த்ரூ ஆக்சில் வருகிறது: பின்னால் 12 மி.மீ. தடிமனில் 142 அல்லது 148 அகலம், முன்னால் பெரும்பாலும் 12 அல்லது 15 மி.மீ. தடிமன். வெறும் பிளவு மட்டும் உள்ள மலிவு ஸ்டாண்டில் அந்தச் சக்கரம் நிற்காது, தனியாக அடாப்டர் வாங்க வேண்டும். அந்த விலையையும் கூட்டிப் பார்த்தால் சில சமயம் 'மலிவு' காணாமல் போய்விடும்.

சரி, அளவு ஒத்துவருகிறது. இனி ஸ்டாண்டில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: அச்சு உட்காரும் இடத்துக்கும் ரிம்மை ஒட்டி நிற்கும் முனைக்கும் இடையே ஆட்டம் இருக்கக் கூடாது. ஸ்டாண்ட் முழுக்க மேசையில் ஆடினால் கவலையில்லை, கனமான பலகையில் ஸ்க்ரூ அடித்து நிறுத்திவிடலாம். ஆனால் முனையைத் தாங்கும் கை மட்டும் தனியாக வளைந்தால், இல்லாத கோட்டத்தைக் காட்டும், இருப்பதை மறைக்கும். சக்கரத்தை மாட்டி, முனையை விரலால் லேசாகத் தள்ளி விட்டுப் பாருங்கள். பழைய இடத்துக்கே வந்து நின்றால் வாங்கலாம். மடக்கி வைக்கும் மெல்லிய அலுமினிய மாடல்களில் பலவும் இங்கேதான் தோற்கின்றன. ஒரே பக்கம் அச்சைப் பிடிக்கும் ஸ்டாண்டைவிட இரண்டு தூண் உள்ளது நல்லது.

இந்தச் சோதனைக்கு முன்னால் கோனில் (ஹப்புக்குள் பால்ஸை அழுத்திப் பிடிக்கும் கூம்பு நட்டில்) ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஹப் லூசாக இருந்தால் எந்த ஸ்டாண்டாலும் ஒன்றும் செய்ய முடியாது.

ரிம் நடுவில் இருக்கிறதா என்பதை ஸ்டாண்டே காட்டிவிடும் வசதிக்காகத்தான் பலர் விலை ஏறிப் போகிறார்கள். பார்க் டூல் கம்பெனியின் பெரிய ஸ்டாண்டுகள் கடைகளில் பெயர் வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். தினமும் சக்கரம் கட்டுபவருக்கு அது நேரத்தை மிச்சப்படுத்தும். வீட்டில் மாதம் ஒன்று பார்ப்பவருக்குத் தேவையே இல்லை. ஒரு பக்க முனையை மட்டும் ரிம்மைத் தொடும்படி வையுங்கள். சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டுங்கள். இப்போது முனைக்கும் ரிம்முக்கும் இடையில் 2 மி.மீ. இடைவெளி வந்தால், ரிம் நடுவிலிருந்து 1 மி.மீ. விலகியிருக்கிறது என்று அர்த்தம். ஸ்டாண்ட் கோணலாக இருந்தாலும் இந்தக் கணக்கு பொய்க்காது.

டயல் கேஜும் அப்படித்தான். ரிம் பிரேக் சக்கரத்தில் பக்கவாட்டு ஆட்டம் அரை மி.மீ.க்குள் வந்தால் வண்டிக்குப் போதும். அதை ஒரு முனையின் பக்கத்தில் வைத்துக் கண்ணாலேயே பார்க்கலாம். வழக்கமான 2 மி.மீ. போக்ஸ் கம்பியில் நிப்பிளை (கம்பியை ரிம்மோடு பிடிக்கும் சின்னத் திருகை) ஒரு முழுச் சுற்று திருகினால் கம்பி நகர்வது சுமார் 0.45 மி.மீ. நாம் கால் சுற்று, அரைச் சுற்றாகத்தான் திருகுகிறோம். அதற்கு மி.மீ.யில் நூறில் ஒரு பங்கு காட்டும் கேஜ் எதற்கு?

அங்கே மிச்சமாகும் காசு நல்ல நிப்பிள் கீக்குப் போகட்டும். வட்டமாக ஏழெட்டு வெட்டு வைத்து வரும் கீயில் அளவு தளர்வாக இருக்கும். நிப்பிளின் மூலைகளை மழுக்கிவிடும், அப்புறம் அந்தக் கம்பியை வெட்டி எடுப்பதுதான் வழி. பார்க் டூல் கீகளில் கறுப்பு 3.23 மி.மீ., பச்சை 3.30, சிவப்பு 3.45. வித்தியாசம் இவ்வளவு நுணுக்கமானது. உங்கள் சக்கரத்தின் நிப்பிள் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், கீ இறுக்கமாக உட்காருகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.

இன்னும் வெளிப்படையாகச் சொன்னால், முதல் சில சக்கரங்களுக்கு ஸ்டாண்டே வேண்டாம். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஃபோர்க்கில் ஒரு கேபிள் டையைக் கட்டி, வால் ரிம்மைத் தொடும் அளவுக்கு நறுக்கினால் முனை தயார். எடைக்குப் போட்ட பழைய ஃபோர்க் ஒன்றை வைஸில் பிடித்தால் முன் சக்கரத்துக்கு நிரந்தர ஸ்டாண்ட். பின் சக்கரத்துக்கு வெல்டிங் பட்டறையில் இரும்புப் பட்டையில் செய்து வாங்கலாம். பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும், ஆனால் வளையாது.

எந்த ஸ்டாண்டும் காட்டாத ஒன்று இருக்கிறது, கம்பியின் இறுக்கம். ரிம் நேராக ஓடும், ஆனால் நாலு கம்பி தொளதொளவென்று இருக்கும். மற்ற கம்பிகள் சுமையைத் தாங்கித் தாங்கி, ஹப்பை ஒட்டிய வளைவில் ஒருநாள் அறுந்துவிடும். ஒரே பக்கத்துக் கம்பிகளை விரலால் சுண்டி, சத்தம் ஏறக்குறைய ஒன்றாக வருகிறதா என்று கேளுங்கள். பின் சக்கரத்தில் ஃப்ரீவீல் பக்கம் சத்தம் கூர்மையாகவும் மறுபக்கம் மந்தமாகவும் இருப்பது இயல்பு, அதைச் சமப்படுத்தப் போக வேண்டாம்.

பள்ளத்தில் விழுந்து வளைந்த ரிம்முக்கு மட்டும் வேறு கணக்கு. கம்பிகளையெல்லாம் கழற்றிவிட்டு, ரிம்மை மட்டும் சமமான தரையில் படுக்க வையுங்கள். எங்காவது தூக்கிக்கொண்டு நின்றால், இறுக்கி இறுக்கி நேராக்கப் பார்க்காதீர்கள். நிப்பிள் ஓட்டையில் விரிசல் விடும். அந்த ரிம்மை மாற்றிவிட வேண்டியதுதான்.