83-க்கும் 90-க்கும் நடுவில்

போன மாதம் முதுநிலை மருத்துவ மாணவர் ஒருவர் லேப்டாப்போடு என் அறைக்கு வந்தார். புற்றுநோயாளிகளின் விவரம் இருந்த எக்செல் ஷீட்டைத் திறந்து, "மேடம், ஆறு சைக்கிள் கீமோவையும் முடிச்சவங்க, பாதியில நிறுத்தினவங்களைவிட ரொம்ப நாள் உயிரோட இருக்காங்க. பி வேல்யூ மட்டும் போட்டுக் கொடுத்தா போதும்" என்றார். (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவோ இதற்கு மேலோ வித்தியாசம் தற்செயலாகத் தெரிய எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண்தான் பி வேல்யூ.)

"நிறுத்தினவங்க ஏன் நிறுத்தினாங்க டாக்டர்?"

கொஞ்ச நேரம் ஸ்க்ரோல் செய்தார். "நாலு பேர் மூணாவது சைக்கிளுக்கு முன்னாடியே இறந்துட்டாங்க மேடம்."

ஆறாவது சைக்கிள் வரை உயிரோடு இருந்தால்தானே ஆறையும் முடிக்க முடியும்? பாட்டிலில் வெறும் தண்ணீர் இருந்திருந்தாலும் முடித்தவர்கள்தான் கூடுதல் நாள் வாழ்ந்ததாகக் கணக்கு காட்டும். பி வேல்யூவும் அழகாக வரும்.

என்னைப் போன்ற உயிரிப் புள்ளியியலாளர் (மருத்துவ ஆய்வுகளை எண்களால் அலசுபவர்) என்றால் கடைசியில் கணக்குப் போட்டுத் தருபவர் என்றே பலரும் நினைக்கிறார்கள். தாலி கட்டி முடித்த பிறகு ஜாதகம் பார்க்கக் கூப்பிடுவது மாதிரி இது.

முதலிலேயே யோசித்துச் செய்த ஆய்வு எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் திண்டுக்கல் மாவட்டத்தைக் காட்டுவேன். 2000-ல் தொடங்கி, 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளியான கருப்பை வாய்ப் புற்றுநோய் ஆய்வு அது. பயிற்சி பெற்ற நர்ஸ்கள், 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, நோய்க்கு அறிகுறியாகலாம் என்று சந்தேகிக்க வைக்கும் வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று கண்ணாலேயே பார்த்தார்கள். பெண்களைத் தனித்தனியாகப் பிரிக்கவில்லை. 114 ஊர்த் தொகுப்புகளில் 57-க்குப் பரிசோதனை, 57-க்கு வழக்கமான கவனிப்பு என்று குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுவிட்டு இவரைக் கூப்பிடாமல் இருக்க முடியாது அல்லவா? ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஒரே ஊர்ப் பெண்கள் பல விதத்தில் ஒரே மாதிரி இருப்பார்கள். அதனால் 80,000 பேரைச் சேர்த்தாலும் 80,000 தனித்தனிச் சாட்சிகள் கிடைத்துவிடாது. கணக்கில் அதற்கும் இடம் விட வேண்டும். (பாதி ஊர்களைப் பரிசோதனை இல்லாமல் விட்டது சரியா என்ற விவாதம் தனி. அது எனக்கும் உறுத்தும்.)

முடிவு என்ன? பரிசோதனை ஊர்களில் இந்நோயால் 83 இறப்பு, மற்ற ஊர்களில் 90. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் பரிசோதனை ஊர்களில் 49,311 பெண்கள், மற்ற ஊர்களில் 30,958 பேர்தான். ஒவ்வொருவரையும் எத்தனை வருஷம் கவனித்தார்கள் என்று கூட்டினால் 2,74,430 ஆள்-ஆண்டுகள் ஒரு பக்கம், 1,78,781 மறுபக்கம். லட்சம் ஆள்-ஆண்டுக்கு என்று வகுத்துப் பாருங்கள்: சுமார் 30-ம் 50-ம்! வயது முதலியவற்றைச் சரிக்கட்டிய பிறகு இறப்பு 35 சதவீதம் குறைந்தது என்பது ஆய்வின் முடிவு. அந்தக் குறைவு 11 முதல் 53 சதவீதத்துக்குள் எங்கும் இருக்கலாம் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது வேறொன்று. 49,311 பேரில் பரிசோதனைக்கு வந்தவர்கள் 31,343 பேர்தான். வந்தவர்களை மட்டும் எண்ணினால் என்ன என்று சபலம் வரும். வரக்கூடியவர்களுக்கும் வராதவர்களுக்கும் ஏற்கெனவே வித்தியாசம் இருக்கும். குலுக்கலின் பலனே அதோடு போய்விடும். அதனால் வராதவர்களின் இறப்பையும் பரிசோதனையின் கணக்கிலேயே எழுதினார்கள். அப்படியும் 35 சதவீதம்.

மாணவரின் ஷீட்டுக்குத் திரும்பினோம். கடைசியாக நோயாளியைப் பார்த்த தேதி 17 பேருக்குக் காலி. அவர்கள் எதிரே 'உயிரோடு' என்று இருந்தது.

"போன் எடுக்கலை மேடம், அதான் அப்படிப் போட்டேன்."

"போன் எடுக்காதவங்க உயிரோட இருக்காங்கன்னு யார் சொன்னது? கடைசியா ஓபிக்கு வந்த நாள் வரைக்கும்தான் நமக்குத் தெரியும். கேஸ் ஷீட் பார்த்து அந்தத் தேதியைப் போடுங்க. இன்னொரு தடவை போனும் பண்ணிப் பாருங்க."

பட்டியலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனார். நேற்று வரை ஆறு வீட்டில் போன் எடுத்திருக்கிறார்கள். மூன்று பேர் போன வருஷமே இறந்துவிட்டார்களாம்.