சம்பளம் நின்றது, கையெழுத்து நிற்கவில்லை

என்னைப் பார்க்க வந்த ஓர் அண்ணன் பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே எட்டு மாதமாகப் பிரிக்காத வங்கிக் கடிதங்கள். வயது 57. கிடங்கு மேற்பார்வையாளராக இருந்து வேலையை விட்டவர். "தங்கச்சி, நான் குடிக்கிறவன்கூட இல்லை. காசு எங்கே போச்சுன்னே தெரியலை" என்றார். அவரை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். கடன், சூதாட்டப் பிரச்சினைகளுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. இப்படிப்பட்ட பைகளை நிறையவே பார்க்கிறேன்.

இளவயதில் புளோக்குக்குக் கீழே கூடைப்பந்து ஆடியவர் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. அப்போது அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர் அன்டோயின் வாக்கரைப் பற்றிச் சொன்னேன். பெயரைக் கேட்டதுமே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வாக்கர் சிகாகோக்காரர். 1996இல் பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்கு வந்தார். சிறந்த ஆட்டக்காரர்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு மூன்று முறை தேர்வானார். 2002இல் நியூ ஜெர்சி நெட்ஸுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில், கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது பாஸ்டன் 21 புள்ளிகள் பின்தங்கியிருந்தது. வாக்கர் சக ஆட்டக்காரர்களைச் சத்தம்போட்டு உசுப்பிவிட, அந்த ஆட்டத்தைப் பாஸ்டன் வென்றது. உயரமானவர்கள் வளையத்துக்கு அடியில்தான் நிற்க வேண்டும் என்றிருந்த காலத்தில், தூரத்தில் நின்று மூன்று புள்ளிக்கு எறிந்துகொண்டே இருந்தார். அன்றைக்கு அதற்காகத் திட்டு வாங்கினார். இன்று உயரமான ஆட்டக்காரர்கள் பலரும் அப்படித்தான் ஆடுகிறார்கள். 2006இல் மயாமி ஹீட் அணியோடு வெற்றிக் கிண்ணமும் கிடைத்தது.

என்பிஏ எனப்படும் அமெரிக்கக் கூடைப்பந்து லீக் ஆட்டங்களில் அவர் சம்பாதித்தது 10 கோடி டாலருக்கும் மேல். 2008இல் என்பிஏ வாழ்க்கை முடிந்தது. 2009இல் லாஸ் வேகஸ் சூதாட்டக்கூடங்களுக்குக் கொடுத்த காசோலைகள் திரும்பியதால் கைதானார். 2010 மே மாதம் நொடித்துப்போனதாக நீதிமன்றத்தில் மனுக் கொடுத்தார். கிண்ணம் வென்றதற்குக் கிடைத்த மோதிரமும் கைவிட்டுப் போனது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் கார், கைக்கடிகாரம், சூதாட்டம் என்று அடுக்குவார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் என் தொழிலில் இருப்பவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது வேறு. சிகாகோவில் வீடு, மனைத் தொழிலில் இறங்கிய வாக்கர், அதற்கு வாங்கிய கடன்களுக்குத் தானே ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். 2008இல் சந்தை சரிந்ததும் வங்கிகள் நேராக அவரிடம் வந்துவிட்டன. கையில் இருந்த காசு போனால் அதோடு முடிந்துவிடும். கையெழுத்து அப்படியல்ல, இனிமேல் வரப்போகும் காசையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். அதுவும் சம்பளம் நின்றுபோன ஒருவரிடமிருந்து!

பையில் இருந்த கடிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். 55 வயதில், ஓய்வுத் தொகைக்கு ஒதுக்கியது போக மிச்சமிருந்த மசேநி (மத்திய சேமநிதி) பணத்தை எடுத்திருக்கிறார். ஊரில் தங்கை வீட்டுக்கு மாடி எடுக்கக் கொஞ்சம் போயிருக்கிறது. மச்சானின் கேட்டரிங் தொழிலுக்கு வாங்கிய கடனில் இவர் ஜாமீன். "சும்மா ஒரு கையெழுத்துதான் மாமா" என்று சொன்னார்களாம். மச்சான் தவணை கட்டாமல் போக, அதை ஈடுகட்டத்தான் இவர் செந்தோசாவில் உள்ள சூதாட்டக்கூடத்துக்குப் போக ஆரம்பித்தார்.

சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சூதாட்டக்கூட நுழைவுக் கட்டணம் 2019 முதல் நாளுக்கு 150 வெள்ளி. பலரை அது தடுக்கிறது. ஆனால் என்னிடம் வருபவர்கள் வேறு மாதிரிச் சொல்கிறார்கள்: "அந்த 150ஐயாவது எடுத்துட்டுத்தான் வெளியே வரணும்னு உட்கார்ந்தேன்." இந்த எண்ணம் வந்துவிட்டால் கட்டணமே முதல் தோல்வி ஆகிவிடுகிறது.

அண்ணனுக்கு முதல் நாளே இரண்டு வேலை செய்தோம். சூதாட்டக்கூடங்களுக்குள் தன்னை விடக்கூடாது என்று அவரே விலக்கு உத்தரவுக்கு விண்ணப்பித்தார். அவர் மறுத்திருந்தால் மனைவியோ பிள்ளைகளோ குடும்ப விலக்கு உத்தரவு கேட்டிருக்கலாம். பலருக்கு இது தெரியவே தெரியாது. அப்புறம், இதுவரை எங்கெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று ஒரு தாளில் எழுதச் சொன்னேன். மூன்றாவது வரியில் பேனா நின்றது. மனைவிக்குத் தெரியாத ஒன்று அது. அன்று அவர் அழுதது கடனை நினைத்து அல்ல, இதை எப்படி வீட்டில் சொல்வது என்றுதான். அடுத்த முறை அவர் மனைவி, அந்த அக்காவும் கூட வந்தார். அவருக்குக் கோபம் இருந்தது, இருக்கத்தானே செய்யும். ஆனாலும் கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கிக் கொடுத்தவர் அவர்தான்.

வாக்கர் சில ஆண்டுகளில் நொடிப்பு நிலையிலிருந்து வெளியே வந்தார். இப்போது இளம் ஆட்டக்காரர்களைச் சந்தித்துப் பணத்தைப் பற்றியே பேசுகிறார். இதைச் சொன்னபோது அண்ணன் கேட்டார்: "அவர் மச்சான் திரும்பக் கையெழுத்துக் கேட்டா என்ன சொல்வாராம்?" எனக்குப் பதில் தெரியவில்லை. அக்காதான் சொன்னார்: "என்கிட்ட பேசச் சொல்லுங்க."

உங்கள் வீட்டிலும் பிரிக்காத கடிதங்கள் இருந்தால், சூதாட்டப் பிரச்சினைக்கான உதவி எண் 1800-6-668-668. வீட்டில் உள்ளவர்களும் அழைக்கலாம்.