சிவப்பு விளக்கு அணைந்தது சரி, தண்ணீர் எங்கே போனது?

"தண்ணி ஊத்துனதும் லைட்டு அணைஞ்சுருச்சுங்ணா, அதான் மேல ஏத்திட்டேன்."

போன மே மாதம் கட்டியிழுத்து என் பட்டறைக்கு வந்த ஒரு சின்ன பெட்ரோல் காரின் சொந்தக்காரர் சொன்னது இது. மேட்டுப்பாளையத்தில் கோடை சீசன் என்றால் வாரத்துக்கு நாலைந்து வண்டி இந்தக் கதையோடு வரும். குன்னூர் மலைப்பாதையில் கல்லாறு தாண்டி மூன்றாவது கொண்டை ஊசி வளைவில், என்ஜின் சூடேறினால் எரியும் சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. ஓரங்கட்டி, ஆறவைத்து, ரிசர்வ் டேங்கில் இரண்டு பாட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கிளம்பியிருக்கிறார். பர்லியாறு பக்கம் போகும்போது வண்டி இழுக்காமல் நின்றுவிட்டது. இரண்டாவது முறை விளக்கு எரியவே இல்லை என்று அடித்துச் சொன்னார். நான் நம்பினேன், ஏனென்றால் அது நடக்கக்கூடியதுதான்.

அந்த விளக்குக்குப் பின்னால் இருப்பது விரல் நீளத்தில் ஒரு சென்சார். என்ஜினைக் குளிரவைக்கும் கூலன்ட் (நாங்கள் தண்ணீர் என்பதும் இதைத்தான்) ஓடும் வழியில் அதன் முனை நனைந்தபடி இருக்கும். அது அளப்பது தன்னைத் தொட்டு ஓடும் தண்ணீரின் சூட்டை, என்ஜினின் சூட்டை அல்ல. தண்ணீர் வற்றிப்போனால் முனை காற்றிலும் ஆவியிலும் தொங்கும். உள்ளே என்ஜினின் மேல்பாகமான ஹெட் வெந்துகொண்டிருக்கும், சென்சாரோ குறைவான சூட்டைச் சொல்லும். முள் வைத்த வண்டிகளில் ஏறிய முள் திடீரென்று இறங்குவதைப் பார்த்து "அப்பாடா" என்பவர்கள் உண்டு. எனக்கு அதுதான் வயிற்றைக் கலக்கும். இப்போதைய சின்ன கார்கள் பலவற்றில் முள்ளும் இல்லை. குளிர்ந்திருந்தால் நீலம், கொதித்தால் சிவப்பு, நடுவில் ஒன்றுமில்லை.

அதனால் என்ன சூடு என்பதைவிட, தண்ணீர் எங்கே போனது என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். கூலன்ட் ஓட்டம் மூடிய சுற்று. நல்ல வண்டியில் மாதக்கணக்கில் மட்டம் பெரிதாக இறங்கக் கூடாது. "மாசம் ஒருக்கா கொஞ்சம் ஊத்துவேனுங்க" என்று யாராவது சொன்னால் அங்கே ஒழுக்கு இருக்கிறது, கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

பார்ப்பதானால் காலையில், வண்டி முழுக்க ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். சூட்டில் மூடியைத் திறந்து முகத்திலும் கையிலும் வெந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தனி ரேடியேட்டர் மூடி உள்ள வண்டியில் ரிசர்வ் டேங்க் மட்டத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. டேங்க் ததும்ப நிற்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். காரணம் பெரும்பாலும் அந்த மூடிதான்.

மூடி என்றால் வெறும் மூடி இல்லை, அது ஒரு வால்வு. அதன்மேல் 0.9 அல்லது 1.1 என்று அச்சடித்திருப்பார்கள். அந்த அளவு அழுத்தத்தை அது உள்ளே தாங்கிப் பிடிக்கிறது. அழுத்தம் இருக்கும்வரை கூலன்ட் 120 டிகிரியை நெருங்கினாலும் கொதிக்காது. ஸ்பிரிங் தளர்ந்தாலோ ரப்பர் வெடித்தாலோ அந்தப் பாதுகாப்பு போய்விடும். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம், அங்கே திறந்த பாத்திரத்தில் வெறும் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கும். என்ஜின் வழக்கமாக ஓடுவதே 90 டிகிரியை ஒட்டி. கோயம்புத்தூருக்குள் ஒரு குறையும் காட்டாத வண்டி மலையில் பொங்குவதற்குப் பாதிக் காரணம் இதுதான். வெளியே தள்ளிய தண்ணீரை, என்ஜின் ஆறும்போது திரும்ப இழுத்துக்கொள்ள மூடியின் நடுவே இன்னொரு குட்டி வால்வு உண்டு. அது ஒட்டிக்கொண்டால் காலையில் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடக்கும். சில நூறு ரூபாய்ப் பொருள், ஆனால் சர்வீஸில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மூடி சரியாக இருந்தால் பிரஷர் பம்ப்பை மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அளவுக்கு அடித்துவிட்டு டீ குடிக்கப் போவேன். திரும்பி வரும்போது முள் இறங்கியிருந்தால் டார்ச்சோடு தேடல். ஹோஸ் கிளிப்பின் அடி, ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தலை சேருமிடம், வாட்டர் பாடியின் (தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப்) சின்னத் துளைக்குக் கீழே காய்ந்த வெள்ளைத் தடம், இப்படி. முன்சீட்டுக் காலடியில் கார்ப்பெட் பிசுபிசுவென்று இனிப்பு வாடையோடு இருந்தால் ஒழுகுவது ஹீட்டர் கோர், அதாவது வண்டிக்குள் சூடு தரும் குட்டி ரேடியேட்டர். ஏசித் தண்ணீர் சொட்டுவதையும் ஒழுக்கு என்று பயந்து வருகிறார்கள். அது நிறமில்லாத வெறும் தண்ணீர், விரலில் வழவழக்காது.

ஒழுக்கே இல்லாமல் சூடேறினால் எப்போது ஏறுகிறது என்று கேட்பேன். டிராபிக்கில் நிற்கும்போது ஏறி, ஓடினால் இறங்கினால் ஃபேனில்தான் கோளாறு. ஏசியைப் போட்டும் ஃபேன் சுற்றவில்லையா, ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று போக வேண்டியதுதான். நின்றால் ஒன்றுமில்லை, ஏற்றத்திலும் வேகத்திலும் ஏறுகிறது என்றால் அடைத்த ரேடியேட்டர், முழுசாகத் திறக்காத தெர்மோஸ்டாட் (சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு), தேய்ந்த வாட்டர் பாடி, இவற்றில் ஒன்று. எங்கள் தொழிலில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு "இனி சூடே ஆகாது" என்று அனுப்பும் பழக்கம் ஒன்று இருக்கிறது. ஆகாதுதான். என்ஜின் சூடேறவே நேரம் பிடிக்கும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், சில வண்டிகளில் என்ஜின் லைட் வேறு எரியும்.

அடைத்த ரேடியேட்டர்களில் நான் பார்ப்பது போர்த்தண்ணீரின் உப்பு. அவசரத்துக்கு எந்தத் தண்ணீரும் ஊற்றலாம், என்ஜின் ஆறிய பிறகு. ஊர் வந்ததும் அதை இறக்கிவிட்டு, வண்டிப் புத்தகத்தில் சொன்ன கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி நிரப்ப வேண்டும். பச்சை, சிவப்பு என்று நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், நிறம் கம்பெனி கலக்கும் சாயம். இறக்கிய கூலன்ட்டை வாசலில் விட்டுவைக்காதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், அது விஷம்.

அந்த பர்லியாறு வண்டிக்கு வருகிறேன். ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் பால் காபி நிறத்தில் நுரை, ஆயிலில் தண்ணீர் கலந்த அடையாளம். ஹெட்டை இறக்கி, மேலே நேர்க்கம்பி வைத்து இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை நுழைத்தேன். 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைந்திருக்கக் கூடாது, 0.20 தகடு தாராளமாக உள்ளே போனது. லேத்தில் ஃபேசிங், புது கேஸ்கெட், ஆயில், பத்து நாள் காத்திருப்பு. ஒழுகியது கீழ் ஹோஸ், கிளிப்புக்கு அடியில் நகக்கண் நீள வெடிப்பு. புது ஹோஸின் விலையைக் கேட்டுவிட்டு அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப அந்த ரெண்டு பாட்டில் தண்ணி?" என்றார். ஏறும்போதே ரோட்டில் போயிருக்கும் என்றேன்.