பயோரியா: சீழைச் சொல்லி எலும்பை மறைத்த சொல்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஈறில் ரத்தம் வந்தாலும் பயோரியாதான், வாய் நாறினாலும் பயோரியாதான், ஐம்பது வயதில் கடைவாய்ப்பல் ஆடினாலும் பயோரியாதான். பல் மருத்துவப் பாடங்கள் எப்போதோ கைவிட்டுவிட்ட இந்தச் சொல், பல்பொடி விளம்பரத்திலும் மருந்துக்கடைப் பேச்சிலும் இன்னும் நன்றாகப் பிழைத்துக் கிடக்கிறது. கிடந்துவிட்டுப் போகட்டும் என்று விடமுடியவில்லை. நோயின் கடைசி அடையாளங்களில் ஒன்றைப் பெயராக வைத்துக்கொண்டு, முதல் அடையாளத்தைக் கண்ணில் படாமல் செய்துவிடுகிறது அது. "சீழ் ஒண்ணும் வரலையே, லேசா ரத்தம்தானே" என்று வருடக்கணக்கில் தள்ளிப்போட இந்தப் பெயரே இடம் கொடுக்கிறது.

கிரேக்கத்தில் 'பியோன்' என்றால் சீழ், 'ரோயியா' என்றால் ஒழுகுவது. இரண்டும் சேர்ந்தால் சீழொழுக்கு. டயரியா, கொனோரியா ஆகியவற்றின் வாலில் இருப்பதும் இதே ஒழுக்குதான். மூலநோய்க்கு ஆங்கிலம் வைத்திருக்கும் ஹெமராய்ட்ஸ் என்ற பெயருக்குள்ளும் 'ரத்தம் ஒழுகுவது' என்ற பொருள் ஒளிந்திருக்கிறது. ஆங்கில உச்சரிப்பின் வழியாக நம்மிடம் வந்ததால் முதலசை 'பயோ' ஆகிவிட்டது. பயோகேஸுக்கும் இதற்கும் உறவு கிடையாது. அங்கே இருப்பது 'பியோஸ்', அதாவது உயிர். தமிழில் வல்லின ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் சேர்த்து ஒரே 'ப' என்பதால், சீழும் உயிரும் ஒரே எழுத்தில் வந்து நிற்கின்றன.

மருத்துவர்கள் வைத்த முழுப்பெயர் பயோரியா ஆல்வியோலாரிஸ். ஆல்வியோலஸ் என்றால் சிறு குழி. தாடை எலும்பில் பல் உட்கார்ந்திருக்கும் குழியைச் சொல்கிறது. ஆக, மூலப்பெயரில் எலும்புக்கு ஓர் இடம் இருந்தது. நாம் வாலை வெட்டிவிட்டுச் சீழை மட்டும் வைத்துக்கொண்டோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் இதற்கு 'ரிக்ஸ் நோய்' என்று இன்னொரு பெயரும் வழங்கியது. ஹார்ட்ஃபோர்டு நகரத்துப் பல் மருத்துவர் ஜான் ரிக்ஸின் பெயரால் வந்தது அது. 1844 டிசம்பரில் ஹோரஸ் வெல்ஸ் என்ற சக பல் மருத்துவர், வலி தெரியாமல் இருக்குமா என்று பார்க்க நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயுவை இழுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தபோது அவருடைய பல்லைப் பிடுங்கியவரும் இவர்தான். ஈறை வெட்டியெறிவதைவிட, பல்வேரில் படிந்த கசடைச் சுரண்டி எடுப்பதே வைத்தியம் என்று ரிக்ஸ் வாதாடினார். இன்றும் சிகிச்சையின் அடிப்படை அதுவே.

பிறகு வந்த பெயர் பெரியோடோன்டைட்டிஸ். 'பெரி' என்றால் சுற்றி, 'ஓடோன்' பல், 'ஐட்டிஸ்' அழற்சி. பல்லைச் சுற்றியுள்ளதன் அழற்சி. சுற்றியுள்ளது எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பல், சுவரில் அடித்த ஆணி மாதிரி எலும்பில் இறுகி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் இடைவெளி. அதில் குறுக்கே ஓடும் நார்கள் பல்லைத் தொட்டில் கட்டியதுபோல் தாங்குகின்றன. நாரின் ஒரு முனை குழி எலும்பிலும், மறுமுனை வேரைப் போர்த்திய சிமெண்டம் என்ற படலத்திலும் புதைந்திருக்கும். மேலே மூடி போட்டதுபோல் ஈறு. இந்த நான்கும் கெடுவதுதான் நோய். நான்கில் நம் கண்ணுக்குத் தெரிவது ஈறு ஒன்றே.

தெரியாத மூன்றையும் அறிய மருத்துவர் ஒரு மெல்லிய அளவுக் கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்குவார். உலக சுகாதார நிறுவனம் வகுத்த கம்பியின் நுனியில் அரை மி.மீ. குமிழ் இருக்கும். 3.5 மி.மீ. முதல் 5.5 மி.மீ. வரை கறுப்புப் பட்டை. 25 கிராம் எடை அளவுக்கே அழுத்த வேண்டும். தன் கட்டைவிரல் நகக்கண்ணில் வலிக்காமல் செருகிப் பார்த்து மாணவர்கள் இந்த அழுத்தத்தைக் கையில் ஏற்றிக்கொள்வார்கள். ஒரு பல்லுக்கு ஆறு இடம், 28 பல்லுக்கு 168 எண்கள். 1 முதல் 3 வரை நலம். 4 என்றால் ஈறு பல்லைவிட்டுப் பிரிந்து பை விழத் தொடங்கிவிட்டது. கறுப்புப் பட்டை முழுதும் ஈறுக்குள் மறைந்தால் ஆழம் 6 மி.மீ. அல்லது அதற்கு மேல். அந்த ஆழத்துக்குப் பிரஷ் எட்டாது, பல்பொடியும் எட்டாது. வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்து "பயோரியா" என்று சொல்லி அனுப்பும் இடத்தில் இந்தக் கம்பி எடுக்கப்படவில்லை என்றால், பரிசோதனையே நடக்கவில்லை என்று கொள்ளலாம்.

இந்த நோய் தன்போக்கில் விட்டால் எப்படிப் போகும் என்று உலகம் தெரிந்துகொண்டது தேயிலைத் தொழிலாளர்களின் வாயிலிருந்து. பல் ஆய்வாளர் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் 1970இல் தொடங்கி, இலங்கையின் இரண்டு தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களைப் பதினைந்து ஆண்டு தொடர்ந்து அளந்தார்கள். பிரஷ்ஷோ பல் மருத்துவமோ எட்டாத ஆட்கள் என்பதாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அந்த நியாயம் இன்று கேட்கப்பட்டால் ஆய்வு நடந்திருக்குமா என்பது வேறு கேள்வி. 1986இல் முடிவு வெளிவந்தது. எல்லார் பல்லிலும் கசடு, எல்லார் ஈறிலும் அழற்சி. ஆனால் 8 சதவீதத்தினருக்கு மட்டுமே நோய் வேகமாக ஓடியது. 81 சதவீதத்தினருக்கு மிதமாக, 11 சதவீதத்தினருக்கு ஏறக்குறைய நகரவே இல்லை. 35 வயதில் முதல் கூட்டத்துக்குப் பல்லின் பிடிமானம் சராசரி 9 மி.மீ. இறங்கியிருந்தது. நடுக்கூட்டத்துக்கு 4 மி.மீ., மூன்றாவது கூட்டத்துக்கு 1 மி.மீ.கூட இல்லை.

1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் கூடலூர், கோத்தகிரிப் பக்கத்து டான்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) தோட்டங்களில் குடியேறியவை. "எங்க தாத்தா செங்கல் பொடியில தேய்ச்சாரு, எண்பது வரைக்கும் முறுக்கு கடிச்சாரு" என்று லயன் வீட்டில் ஒருவர் சொன்னால் அதில் பொய் இருக்கவேண்டியதில்லை. தாத்தா அந்த 11 சதவீதத்தில் இருந்திருப்பார். பேரனும் அதில் இருக்கிறானா என்பதைக் கம்பிதான் சொல்லும்.

ஆளுக்கு ஆள் ஏன் இந்த வேறுபாடு? எலும்பைத் தின்பது கிருமி நேரடியாக அல்ல. பைக்குள் குடியேறிய பாக்டீரியாவை விரட்ட உடல் அனுப்பும் அழற்சிப் பொருள்கள், எலும்பைக் கரைக்கும் உடலின் சொந்தச் செல்களைத் தூண்டிவிடுகின்றன. சண்டை எவ்வளவு மூர்க்கமோ அவ்வளவு சேதம். மரபு, புகையிலை, சர்க்கரை நோய் மூன்றும் அந்த மூர்க்கத்தைக் கூட்டிக் குறைக்கின்றன. 2018இல் வெளிவந்த புதிய வகைப்பாடு, எலும்பு இழப்பைப் பொறுத்து நான்கு நிலை, வேகத்தைப் பொறுத்து அ, ஆ, இ போல மூன்று தரம் என்று பிரிக்கிறது. நாளுக்குப் பத்து சிகரெட்டோ அதற்கு மேலோ பிடிப்பவரும், மூன்று மாதச் சர்க்கரை அளவு (எச்பிஏ1சி) 7 அல்லது அதற்கு மேல் உள்ள சர்க்கரை நோயாளியும் நேரே வேகமான தரத்துக்குப் போகிறார்கள். ஒரு பல் நோயின் தரத்தை ரத்தப் பரிசோதனைச் சீட்டு தீர்மானிக்கிறது என்பதை 'சீழொழுக்கு' என்ற பெயர் எங்கே சொல்லும்?

இனித் தமிழ்ப் பெயர். ஈறு என்பதற்கு முடிவு என்றும் பொருள். 'ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்' பள்ளியில் படித்த எல்லாருக்கும் நினைவிருக்கும். யாழ்ப்பாணத்தில் ஈறை முரசு என்பார்கள். ஈறு மட்டும் வீங்கி ரத்தம் கசிந்து, எலும்பு கெடாமல் இருக்கும் முதல் கட்டத்துக்கு ஈறழற்சி என்ற சொல் போதும், குறை இல்லை. எலும்பும் நாரும் கெட்ட கட்டத்துக்கு 'ஈறு நோய்' என்று எழுதுவது தவறு. கண்ணுக்குத் தெரியாத எலும்பு, நார், சிமெண்டம் மூன்றையும் அது விட்டுவிடுகிறது. 'பல்சுற்றுத்திசு அழற்சி' சரியானது, ஆனால் வாயில் புரளாது. பல்சூழ் அழற்சி என்பதே எங்கள் தேர்வு. கிரேக்க 'பெரி'யும் நம் 'சூழ்'உம் ஒரே வேலையைச் செய்கின்றன. சுசுருத சங்கிதை, ரத்தமும் சீழும் வந்து பல் ஆடும் நோயைத் 'தந்தவேஷ்டம்' என்கிறது. 'வேஷ்ட' என்றால் சுற்றிப் போர்த்தியது. வேட்டியை இந்த வேரோடு சேர்ப்பவர்களும் உண்டு, வெட்டியது வேட்டி என்பவர்களும் உண்டு. அந்த வழக்கு இங்கே வேண்டாம். பல்லைச் சுற்றிப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் பழையது என்பதே போதும்.

பல்லில் இறுகிய கசடுக்குப் பற்காரை நல்ல சொல். சுண்ணாம்புக் காரைபோல அதுவும் கால்சியச் சேர்மம்தான். எச்சில் சுரந்து விழும் துளைகளுக்கு அருகே, கீழ் முன்பற்களின் உட்புறத்திலும் மேல் கடைவாயின் கன்னப்புறத்திலும் அதிகம் படியும்.

வாய்க்கும் உடம்புக்கும் உள்ள தொடர்பைப் பேசும்போது நிதானம் வேண்டும். நூறு வருடத்துக்கு முன், பல்லில் பதுங்கிய கிருமியே உடம்பின் மற்ற நோய்களுக்கும் வேர் என்னும் 'குவிநோய்த் தொற்று' கொள்கை பரவி, மூட்டுவலிக்கும் மனநோய்க்கும்கூடப் பல்லையெல்லாம் பிடுங்கித் தள்ளினார்கள். நோய் குறையவில்லை, பல் போனதுதான் மிச்சம். இன்றைய சான்று ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு கனம் கொண்டது. சர்க்கரை நோயில் கனம் அதிகம். பல்சூழ் அழற்சிக்குச் சிகிச்சை செய்தால் எச்பிஏ1சி மூன்று நான்கு மாதத்தில் சராசரியாக 0.43 புள்ளி இறங்குகிறது என்று, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2022 தொகுப்பாய்வு சொல்கிறது. இன்னொரு மாத்திரை சேர்த்தால் கிடைக்கும் பலனுக்கு அருகில் வரும் அளவு. இதயத்தைப் பொறுத்தவரை, தொடர்பு உண்டு, ஆனால் இது அதை உண்டாக்குகிறது என்பதற்குச் சான்று போதாது என்று அமெரிக்க இதயச் சங்கம் 2012இல் எழுதியது. அல்சைமரில் 2019இல் பெரும் பரபரப்பு எழுந்தது: பையில் வாழும் போர்பைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் கிருமியின் நொதிகள் நோயாளிகளின் மூளையில் கிடைத்தன. அந்த நொதியை அடக்கும் மருந்தின் சோதனை 2021இல் தன் முதன்மை இலக்கை எட்டவில்லை. கர்ப்பிணிகளுக்குச் சிகிச்சை செய்வது குறைப்பிரசவத்தைக் குறைக்கவில்லை என்று 2006இல் ஒரு பெரிய சோதனை காட்டியது. அதே சோதனை, கர்ப்பகாலத்தில் காரை எடுப்பது ஆபத்தில்லை என்றும் காட்டியது. இந்த இரண்டாவது பாதி ஊரில் வந்து சேரவே இல்லை.

'உள்ளங்கை அளவு புண் வாய்க்குள் திறந்து கிடக்கிறது' என்று படம் போட்டுப் பயமுறுத்துவார்கள். ஈறுப் பைகளின் உட்சுவரையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்த்தவர்கள் சொன்னது 8 முதல் 20 சதுர செ.மீ. உள்ளங்கை மிகைதான். ஆனாலும் முழங்கையில் அந்த அளவுப் புண் இருந்தால் யாரும் பல்பொடி தூவிக்கொண்டு இருக்கமாட்டார்கள்.

மலையில் குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை சில. குளிருக்கும் பசிக்கும் வெற்றிலையோடு புகையிலை அடக்குபவர்களும் பீடி பிடிப்பவர்களும் இங்கே நிறைய. புகைப்பவரின் ஈறில் ரத்தம் குறைவாகவே வரும், ஏனென்றால் நிக்கோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்குகிறது. ரத்தம் இல்லை, அதனால் நோய் இல்லை என்ற கணக்கு இவர்களிடம் பொய்த்துப்போகும். ஊட்டிக் கடையில் வாங்கிய நீலகிரித் தைலத்தையும் விண்டர்கிரீன் எண்ணெயையும் ஈறில் தடவுவது இன்னொன்று. எரிச்சலில் வலி மறக்கும், சிலசமயம் ஈறு வெந்து வெள்ளையாக உரியும். விண்டர்கிரீனில் இருப்பது மெத்தில் சாலிசிலேட். ஒரு தேக்கரண்டி எண்ணெய், 325 மி.கி. ஆஸ்பிரின் மாத்திரை இருபதுக்கு மேல் விழுங்கியதற்குச் சமம். குழந்தை கைக்கு எட்டும் அலமாரியில் அது இருக்கக்கூடாது.

வைத்தியம் ரிக்ஸ் சொன்னதுதான், கருவி மட்டும் மாறியிருக்கிறது. நொடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிரும் முனை, கூடவே தண்ணீர்ப் பீச்சல். "கிளீன் பண்ணினா பல்லு ஆடும், சந்து விழும்" என்ற புகாரில் பாதி உண்மை உண்டு. எலும்பு கரைந்த இடத்தைக் காரை அடைத்து முட்டுக்கொடுத்து வைத்திருந்தது. எடுத்ததும் ஏற்கனவே இருந்த சந்து தெரிகிறது. வீங்கிய ஈறு வற்றிச் சுருங்குவதாலும் பல் நீண்டதுபோல் தோன்றும். இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்ப அளக்கவேண்டும். அப்போதும் ஆழம் குறையாத பைகளுக்குத்தான் அடுத்த கட்டம். செயற்கை இதய வால்வு வைத்தவர்கள் காரை எடுப்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். 30 முதல் 60 நிமிடம் முன்னதாக 2 கிராம் அமாக்சிசிலின் எழுதித்தருவார்கள், பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் வேறு மருந்து.

வீட்டில் செய்யவேண்டியது: மென்மையான பிரஷ்ஷை ஈறின் விளிம்பில் 45 பாகை சாய்த்து, தூரிகை நுனி ஈறுக்கும் பல்லுக்கும் இடையே லேசாக நுழையும்படி வைத்துச் சின்னதாக அதிர்த்து, இரண்டு நிமிடம். சந்து விழுந்த இடத்துக்கு, குப்பி கழுவும் பிரஷ்ஷைச் சிறுத்ததுபோன்ற இடைப்பல் பிரஷ். ரத்தம் வரும் இடத்தைத் தொடாமல் விடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. ஈறழற்சி மட்டும் என்றால் சரியாகத் துலக்கினாலே ஓரிரு வாரத்தில் ரத்தம் நிற்கும். நிற்கவில்லை என்றால் உள்ளே காரையோ பையோ இருக்கிறது. குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதக் கொப்பளிப்பு மருந்து கொடுத்தால் 10 மி.லி., இரண்டு வேளை, இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம். பேஸ்ட்டில் உள்ள நுரைப்பொருள் அதன் வேலையைக் கெடுக்கும் என்பதால் துலக்கி அரைமணி நேரம் கழித்தே கொப்பளிக்கவேண்டும். நாளுக்கு ஆறு டீ குடிக்கும் ஊரில் அந்த மருந்து பல்லைப் பழுப்பாக்கிவிடும். அது கறைதான், நோய் முற்றியதல்ல.

மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகர் மாத்திரை கொண்டுவரும் ஊழியரிடமும், அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் சீட்டு போடும்போதும், 'பயோரியா' என்று நோய்க்குப் பேர் வைத்துக்கொண்டு போகவேண்டாம். "துலக்கும்போது ரத்தம் வருது, கீழ முன்பல்லு ரெண்டு ஆடுது, சுகர் ஆறு வருஷமா, போன தடவை எட்டு இருந்துச்சு" என்று சொன்னால் அந்தக் கம்பி வெளியே வரும்.