வெளியிறைப்பி: பாக்டீரியாவின் மோட்டாருக்கு ஒரு தமிழ்ப் பெயர்

கிணறு ஆழப்படுத்தும் வேலையைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்குவது சுலபம். காங்கேயம், பல்லடம் பக்கத்தில் ஆட்கள் கிணற்றுக்குள் இறங்கிப் பாறை உடைக்கும்போது மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். நான்கு சுவரிலிருந்தும் கசிவு இறங்கும். அதை அடைக்க முடியாது. வருகிற வேகத்துக்கு இறைத்துக் கொட்டலாம், அவ்வளவுதான். கரண்ட் போய்விட்டால் கொஞ்ச நேரத்தில் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிவிட வேண்டியதுதான்.

ஆங்கிலத்தில் ‘எஃப்ளக்ஸ் பம்ப்’ என்று வழங்கும் புரதம் பாக்டீரியாவின் உறையில் உட்கார்ந்து செய்வதும் இதே வேலைதான். உள்ளே கசிந்து வரும் நஞ்சை, அது வேலையைக் காட்டுவதற்கு முன் வாரி வெளியே கொட்டுகிறது.

‘எஃப்ளக்ஸ்’ லத்தீனிலிருந்து வந்தது; வெளியே பாய்தல் என்று பொருள். எனக்கு இதில் ஒரு குறை தெரிகிறது. பாய்வது தானாக, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நடப்பது. இங்கே நடப்பதோ நேர்மாறு: வெளியில் நஞ்சு நிறைந்திருக்கும்போதும், உள்ளே இருக்கும் கொஞ்சத்தையும் அங்கேயே தள்ளவேண்டும். அதற்குச் சக்தி செலவாகும். இரண்டாம் பாதியான ‘பம்ப்’ அப்படியல்ல. கப்பலின் அடித்தட்டில் சேரும் நீரை இறைக்கும் கருவிக்குத்தான் ஆங்கிலத்தில் முதலில் அந்தப் பெயர் வழங்கியது. ஆகவே ‘பம்ப்’ சரியான சொல். ‘எஃப்ளக்ஸ்’ சோம்பல் சொல்.

தமிழில் ‘வெளிப்பாய்வு எக்கி’ என்று எழுதினால் அந்தச் சோம்பலும் கூடவே வந்துவிடும். ‘வெளியேற்று எக்கி’ பரவாயில்லை. ஆனால் எக்கி என்பது கலைச்சொல் அகராதியைத் தாண்டி வராத சொல். பம்ப் செய்யும் பட்டறைகளுக்குப் பேர்போன கோயம்புத்தூரில் போய் எக்கி கேட்டுப் பாருங்கள்; ஒருவரும் எடுத்துத் தரமாட்டார்கள். எக்குதல் என்றால் வயிற்றை உள்ளிழுப்பது, குதிகாலைத் தூக்கி எட்டுவது என்றுதான் நமக்குத் தெரியும்.

‘இறை’ என்ற வினை நம்மிடம் இருக்கும்போது வேறு எதற்கு? மாடு கட்டிக் கிணற்று நீரை இறைக்கும் ஏற்பாட்டை மற்ற இடங்களில் கமலை என்பார்கள், கொங்கு நாட்டில் கவலை என்போம். இரட்டைக் கவலை ஓடிய கிணறுகளில் ஒரு சால் இறங்கும்போது மற்றொன்று ஏறும். குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவில் உள்ள ‘ஏசிஆர்பி’ என்ற இறைப்பியின் அமைப்பும் ஏறக்குறைய அப்படியே. ஒரே மாதிரியான மூன்று புரதத் துண்டுகள். ஒன்று நஞ்சை உள்வாங்கும், ஒன்று பிடித்து வைத்திருக்கும், ஒன்று மேலே கொட்டும், பிறகு முறை மாறும். மேலே ‘டால்சி’ என்ற குழாய் வெளியுறையைத் தாண்டிக் கொண்டுபோய்விடும். மாடுகளுக்குப் பதில் உறைக்கு வெளியிலிருந்து உள்ளே இறங்கும் புரோட்டான்கள் இழுக்கின்றன. வேறு வகை இறைப்பிகள், செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழிக்கும். ஆக, இரண்டுக்கும் பொருந்தும் பெயர் ‘வெளியிறைப்பி’.

இதை ‘மருந்து எதிர்ப்பு பம்ப்’ என்று எழுதுவோரும் உண்டு. மருந்தை முறியடிப்பதே இதன் வேலை என்ற பழி வந்த கதை இது. 1980-ல் அமெரிக்காவில் ஸ்டூவர்ட் லெவியின் குழு, டெட்ராசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்துக்கு மசியாத ஈ.கோலை அந்த மருந்தை வெளியே தள்ளிவிடுவதைக் காட்டியது. அன்றிலிருந்து ஆய்வாளர்களின் கண் மருந்தின் மேலேயே இருந்தது. ஆனால் மனிதன் மாத்திரை செய்யத் தொடங்கியதற்கு வெகுகாலம் முன்பே இறைப்பிகள் ஓடிக்கொண்டிருந்தன. குடலுக்குள் பித்த உப்பு இருக்கிறது. அது பாக்டீரியாவின் உறையைக் கரைக்கக்கூடியது. அதை இறைத்துக் கொட்டாமல் குடலில் குடியிருக்க முடியாது. மேகவெட்டைக் கிருமியின் இறைப்பி, நம் உடல் சுரக்கும் கொழுப்பு அமிலங்களையும் கிருமிகொல்லிப் புரதத் துணுக்குகளையும் வெளியே எறிகிறது.

நாமக்கல்லில் கோழிப் பண்ணை வைத்திருப்பவர்களுக்குச் சால்மோனெல்லா என்ற குடல்நோய்க் கிருமி புதிய பெயரல்ல. 2006-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ‘ஏசிஆர்பி’யோ ‘டால்சி’யோ இல்லாமல் செய்த சால்மோனெல்லாவால் ஓம்புயிரின், அதாவது கிருமி குடியேறும் உயிரின், செல்லுக்குள் சரியாக நுழைய முடியவில்லை, கோழிக்குடலிலும் நன்றாகக் காலூன்றவில்லை. அதே ஆண்டில் இன்னொரு குழு, சால்மோனெல்லாவில் அறியப்பட்ட ஒன்பது இறைப்பிகளையும் நீக்கிவிட்டு, அந்தக் கிருமியை எலிகளுக்கு வாய்வழியே கொடுத்தது. கிருமி நோய் உண்டாக்கும் வலுவையே இழந்திருந்தது. இந்தச் சோதனையில் மருந்தே கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். இறைப்பி நின்றால், செல்லுக்குள் துளைத்து நுழைய உதவும் மரபணுக்களின் வேலையும் குறைந்துவிடுகிறது என்று பிறகு தெரிந்தது. மோட்டார் நின்றால் கடப்பாரையும் நிற்கிறது.

(‘ஓம்புயிர்’ என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். அழையாத விருந்தாளியை ஓம்பவேண்டிய கொடுமை வேறு எந்த வீட்டுக்கு உண்டு!)

உள்ளே போன பிறகும் இறைப்புக்கு ஓய்வில்லை. நம் உடலின் காவல் செல்களான விழுங்கணுக்கள் கிருமியை விழுங்கி அதன்மேல் ஆக்சிஜன் நஞ்சுகளைக் கொட்டும். ‘மேக்ஏபி’ என்ற இறைப்பி சால்மோனெல்லாவை அங்கே காக்கிறது. காசநோய்க் கிருமி இன்னும் சாமர்த்தியசாலி. விழுங்கணுவுக்குள் புகுந்ததும் அதன் இறைப்பிகள் முடுக்கிவிடப்பட்டு, மருந்தையும் தாக்குப்பிடிக்கத் தொடங்கிவிடுகிறது. பெருந்துறையில் காசநோய்க்கென்று சானடோரியம் இருந்த ஊர்க்காரர்களுக்கு, அந்த நோய்க்கு மாதக்கணக்கில் மாத்திரை தேவைப்படுவது தெரியும். இவ்வளவு நீள்வதற்கு உள்ள காரணங்களில் இதுவும் ஒன்றாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதய நோய்க்குத் தரும் வெரப்பமில் மருந்து ஆய்வகத்தில் இந்தத் தாக்குப்பிடிப்பைக் குறைத்திருக்கிறது.

அப்படி மோட்டாரின் கரண்டைப் பிடுங்கும் பொருளுக்கு ‘இறைப்பித் தடுப்பான்’ என்று பெயர் வைக்கலாம். பெயர் தயார். கிருமித் தொற்றுக்கென்று அனுமதி பெற்ற தடுப்பான் ஒன்றுகூட இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை.