முழங்கால் மாற்றிய பின் புண் கசிந்தால்

தையல் போட்ட இடத்தில் நீர் கசிகிறது. படுவான்கரையில் இருந்து மட்டக்களப்புக்கு வந்துபோனால் ஒரு நாள் வேலை போய்விடும். அதனால் பக்கத்துப் பாமசியில் ஐந்து நாளுக்கு அன்டிபயோட்டிக் வாங்கிப் போடுகிறார்கள். கசிவு நிற்கும், மாத்திரை முடிந்ததும் திரும்ப வரும். அப்புறம் இன்னொரு மாத்திரை. சத்திரசிகிச்சை வார்டில் எங்களிடம் வரும்போது மாதக்கணக்காகியிருக்கும். மூட்டுத் தொற்றோடு வருபவர்களில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது இவர்கள்தான்.

மாற்றிய மூட்டு உலோகமும் பிளாஸ்டிக்கும். அதற்குள் இரத்தம் ஓடாது. பெரும்பாலும் தோலில் வாழும் ஸ்டெபிலோகொக்கஸ் வகை பக்றீரியாதான் அதில் ஒட்டி, ஒரு படலத்தைச் சுரந்து உள்ளே பதுங்கிக்கொள்ளும். வாய்க்கால் கல்லில் படிந்த பாசி மாதிரி, மேலே எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் போகாது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். சத்திரசிகிச்சை முடிந்த முதல் சில வாரங்களுக்குள் வந்தால் மூட்டைத் திறந்து கழுவி, பிளாஸ்டிக் துண்டை மட்டும் மாற்றி, உலோகத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம். படலம் முதிர்ந்துவிட்டால் மூட்டையே கழற்றவேண்டி வரும். அன்டிபயோட்டிக் கலந்த சிமெந்தை வைத்து, தொற்று அடங்கிய பிறகு புது மூட்டு. இரண்டு பெரிய சத்திரசிகிச்சைகள்.

எப்படிச் செய்தாலும் மருந்து வாரக்கணக்கில் போகும். 2021இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் 6 வாரம் எடுத்தவர்களில் நூற்றுக்கு 18 பேருக்குத் தொற்று நீடித்தது, 12 வாரம் எடுத்தவர்களில் 9 பேருக்கு. படலத்துக்குள் வேலை செய்யும் ரிபாம்பிசின் என்ற அன்டிபயோட்டிக்கைத் தனியாகத் தரமாட்டோம், கிருமி சீக்கிரம் பழகிவிடும். அதைக் குடித்தால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

இவ்வளவு நாள் மருந்து தர, எந்தக் கிருமி என்று தெரியவேண்டும். மூட்டு நீரை ஊசியால் எடுத்து ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்ப்போம். பாமசி மாத்திரை உடலில் இருந்தால் அங்கே கிருமி வளராமல் போகலாம், மூட்டிலோ உயிரோடு இருக்கும். அப்படியானால் இரண்டு வாரமாவது மருந்தை நிறுத்திவிட்டுத் திரும்ப எடுக்கவேண்டி வரும்.

வருடங்கள் கழித்தும் இது வரலாம். சீனி வருத்தம் உள்ளவர் வெள்ளாமைக் காலத்தில் காலில் புண்ணோடு சேற்றில் நின்றால், அந்தப் புண்ணில் இருந்து கிருமி இரத்தத்தில் ஏறி மூட்டில் போய் ஒட்டிக்கொள்ளலாம்.

மூட்டு திடீரென்று வீங்கினாலோ, தையல் கசிந்தாலோ, கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் சத்திரசிகிச்சை செய்த வார்டுக்கே வாருங்கள். குளிர்காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே, இரவென்றாலும். வலிக்குப் பெனடோல் போடலாம், அன்டிபயோட்டிக் வேண்டாம். ஏற்கனவே போட்டிருந்தால் அந்த வெற்று அட்டையைக் கொண்டுவாருங்கள். ஏசமாட்டோம். எதை, எந்த நாள் வரை போட்டீர்கள் என்று தெரிந்தால்தான் நீர் எடுக்கும் நாளைத் தீர்மானிக்கலாம்.